எம்.எஸ்சி. கணிதத்துக்குப் பிறகு நர்சிங்: மாஸ்டர்ஸா, இன்னொரு பேச்சலரா?

நியூஜெர்சியின் எடிசனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம். சுருக்கித் தருகிறேன்:

“திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர். எம்.எஸ்சி. கணிதம் முடித்து, கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். இப்போது 37 வயது, எட்டு வயதில் மகள். எச்-4 என்ற துணைவர் விசாவில் இருக்கிறேன். கணவரின் ஐ-140 (கிரீன் கார்டுக்கான நிறுவன மனு) ஒப்புதலாகிவிட்டதால் வேலை அனுமதி அட்டையும் உண்டு. மாமியார் இங்கு வந்திருந்தபோது இடுப்பு எலும்பு முறிந்து மருத்துவமனையில் இருந்தார். அங்கிருந்த நர்ஸைப் பார்த்ததிலிருந்து நர்சிங் படிக்க வேண்டும் என்ற எண்ணம் விடவில்லை. வேறு பாடம் படித்தவர்களும் நேரடியாக நர்சிங் மாஸ்டர்ஸ் சேரலாம் என்கிறார்கள். கையில் ஒரு முதுகலைப் பட்டம் இருக்கும்போது திரும்பவும் பேச்சலர் படிப்பது பின்னால் போவது ஆகாதா? வீட்டிலோ, ‘எம்.எஸ்சி. படித்துவிட்டு நர்ஸ் வேலைக்கா?’ என்கிறார்கள். விண்ணப்பக் கட்டுரையின் முதல் பத்தியை இணைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.”

அன்புள்ள சகோதரிக்கு,

‘பின்னால் போவது’ என்பதை முதலில் தீர்த்துவிடுவோம். உங்கள் மற்றக் குழப்பமெல்லாம் அதிலிருந்துதான் கிளம்புகிறது.

அமெரிக்காவில் ஒருவரை நர்ஸ் ஆக்குவது ஆர்.என்., அதாவது பதிவுபெற்ற நர்ஸ் லைசென்ஸ். கம்யூனிட்டி காலேஜில் ஏ.டி.என். என்ற இரண்டு ஆண்டு நர்சிங் படிப்பு முடித்தவர், பி.எஸ்.என். என்ற நர்சிங் பேச்சலர் முடித்தவர், நேரடி மாஸ்டர்ஸ் முடித்தவர் மூவரும் உட்காருவது ஒரே என்கிளெக்ஸ் தேர்வில். 85 முதல் 150 கேள்விகள், ஐந்து மணி நேரம். நீங்கள் பதில் சொல்லும் விதத்தைப் பார்த்துக் கணினி அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும். 2023 ஏப்ரலில் தேர்வு முறை மாறிய பிறகு, ஒரு நோயாளியின் குறிப்புகளைக் கையில் கொடுத்து ‘இவரிடம் எதைக் கவனித்தாய், முதலில் எதைச் செய்வாய்’ என்று படிப்படியாகக் கேட்கிறார்கள். தேறிய பிறகு மூவரும் வார்டில் புதிய ஆர்.என்.தான். பெரும்பாலான மருத்துவமனைகளில் மாஸ்டர்ஸோடு வந்த புது நர்ஸுக்கும் பி.எஸ்.என். முடித்த புது நர்ஸுக்கும் தொடக்கச் சம்பளத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இருக்காது. ஆகவே பட்டத்தின் பெயரை விட்டுவிட்டு, லைசென்ஸ் வரைக்கும் போய்ச் சேர எவ்வளவு காலம், எவ்வளவு பணம் என்று கணக்குப் போடுங்கள். கணக்கு உங்கள் பாடம், நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

நேரடி மாஸ்டர்ஸ் என்று எல்லாரும் ஒன்றாகச் சொன்னாலும் அதில் இரண்டு வகை இருக்கிறது. சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் படிக்கும்போது, இந்த வித்தியாசம் தெரியாமலே விண்ணப்பித்திருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். முதல் வகை, பொது நர்ஸாக்கி அனுப்புவது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருப்பது அப்படிப்பட்ட 15 மாதப் படிப்பு. முடித்தால் கையில் முதுகலைப் பட்டமும் என்கிளெக்ஸ் எழுதும் தகுதியும் இருக்கும். தாமே மருந்து எழுதும் நர்ஸ் பிராக்டிஷனர் ஆகிவிட மாட்டீர்கள். அதற்கு மேலே இன்னொரு படிப்பு வேண்டும். இரண்டாவது வகை யேலில் இருப்பது போன்ற மூன்று ஆண்டுப் படிப்பு. முதல் ஆண்டில் நர்சிங் அடிப்படை, என்கிளெக்ஸ். அடுத்த இரண்டு ஆண்டில் நர்ஸ் பிராக்டிஷனர், மிட்வைஃப் என்று ஏதாவதொரு சிறப்புப் பிரிவு. முடித்தவர் தாமே நோயைக் கண்டறிந்து மருந்து எழுதும் நிலைக்கு வருவார்.

இரண்டாவது வகை பற்றி நர்ஸுகளுக்குள்ளேயே பெரிய சண்டை உண்டு. வார்டில் ஒரு நாளும் ஆர்.என். ஆக நிற்காதவர் நேரே மருந்து எழுத உட்காரலாமா என்பது கேள்வி. நான் ‘கூடாது’ கட்சி. நோயாளி வாயால் சொல்வதற்கு முன்பே முகத்தின் நிறத்திலும் மூச்சிலும் ஏதோ சரியில்லை என்று பிடிபடுவது, இரவு ஷிஃப்டுகளில் நின்று நின்று வருகிற ஒன்று. பயிற்சி மணிநேரங்களைக் கூட்டினாலும் அது முழுதாக ஈடாவதில்லை என்பது என் எண்ணம். மறுபக்கத்தாரும் விவரம் தெரியாதவர்கள் அல்ல. அப்படிப் படித்து வந்த அருமையான மிட்வைஃப்கள் எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் கடிதத்தில் நர்ஸ் பிராக்டிஷனர் என்ற சொல்லே இல்லை. படுக்கையருகே நின்ற நர்ஸைப் பற்றித்தான் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பிறகு எதற்கு மூன்று ஆண்டு?

இனி பணம். உங்கள் விஷயத்தில் இதுதான் தீர்மானிக்கப் போகிறது. எச்-4 விசாவில் இருப்பவருக்கு அரசின் கல்விக் கடன் கிடையாது. அது குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் வேறு சில பிரிவினருக்கும் மட்டும். அவர்களுக்கே இப்போது இறுகிவிட்டது. 2025-இல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்குக் ‘கிராட் பிளஸ்’ என்ற, செலவு முழுவதற்கும் கொடுத்துவந்த கடன் இல்லை. சாதாரண முதுகலைப் படிப்புக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தமாக ஒரு லட்சம் டாலர் என்று வரம்பு. தனியார் கடனோ, குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ ஒருவர் சேர்ந்து கையெழுத்துப் போடாமல் பெரும்பாலும் கிடைக்காது. நர்ஸ் கோர் என்ற அரசு உதவித்தொகையும் உங்களுக்கு இப்போது எட்டாது. பெரிய தனியார் பல்கலைக்கழகத்தில் நேரடி மாஸ்டர்ஸ் என்றால் செலவு லட்சம் டாலரைத் தாண்டும். அது கணவரின் சேமிப்பிலிருந்து வர வேண்டும். தொழிலாளர் புள்ளிவிவரத் துறை சொல்லும் ஆர்.என். இடைநிலைச் சம்பளம் 2024 மே கணக்குப்படி நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 93,600 டாலர். உங்கள் பக்கம் அதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். ஆனாலும் வரி போக மிஞ்சுவதில் அந்தச் செலவை ஈடுகட்ட எத்தனை ஆண்டு என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஆகவே நான் சொல்லும் வரிசை இது. முதல் இடம், வேறு பட்டம் உள்ளவர்களுக்கான துரித பி.எஸ்.என். ரட்கர்ஸிலும் நியூயார்க் பல்கலைக்கழகத்திலும் இது 15 மாதம். ரட்கர்ஸ் அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் மாநிலத்தவர் கட்டணம் குறைவு. எச்-4 விசாவில் உங்களை மாநிலத்தவராக எண்ணுவார்களா என்று சேர்க்கை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வாய்வார்த்தை போதாது. இரண்டாவது இடம், கம்யூனிட்டி காலேஜ் ஏ.டி.என். இதை முகம் சுளிக்காமல் படியுங்கள். செலவு மிகக் குறைவு. லைசென்ஸ் அதே லைசென்ஸ். குறை எங்கே என்றால், உங்கள் பக்கத்துப் பெரிய மருத்துவமனைகள் பி.எஸ்.என். உள்ளவர்களையே முதலில் எடுக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க்கில், 2017-இல் கையெழுத்தான சட்டப்படி புதிய ஆர்.என். பத்து ஆண்டுக்குள் நர்சிங்கில் இளங்கலையோ அதற்கு மேலோ முடித்தாக வேண்டும். ஆனால் வேலையில் இருந்துகொண்டே ஆன்லைனில் பி.எஸ்.என். முடிக்கலாம். வேறு பாடத்தில் பட்டம் இருப்பவர் ஏ.டி.என். முடித்திருந்தால், இடையில் சில பாடங்களை மட்டும் படிக்கச் சொல்லி நேரே மாஸ்டர்ஸில் சேர்க்கும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. உங்கள் எம்.எஸ்சி. அங்கே பயன்படும். பல மருத்துவமனைகள் ஊழியரின் மேற்படிப்புக்குப் பணம் தரும். ஆண்டுக்கு 5,250 டாலர் வரை அதற்கு வரியும் கிடையாது. இரண்டு ஆண்டு வார்டில் இருந்த பிறகு நர்ஸ் பிராக்டிஷனர் ஆசை வந்தால், அப்போது அவர்கள் காசில் படியுங்கள்.

எந்த வழியில் போனாலும் சில பாடங்களை முன்கூட்டியே முடித்தாக வேண்டும். அனாட்டமி அண்ட் ஃபிசியாலஜி ஒன்று, இரண்டு, மைக்ரோபயாலஜி, வேதியியல், புள்ளியியல், மனித வளர்ச்சி உளவியல், பல இடங்களில் ஊட்டச்சத்தும். அறிவியல் பாடங்களுக்கு லேப் கட்டாயம். ஆன்லைன் லேப் சில பல்கலைக்கழகங்களில் செல்லாது. ஐந்து அல்லது ஏழு ஆண்டுக்குள் படித்திருக்க வேண்டும் என்றும் பலர் கேட்பார்கள். நீங்கள் மேல்நிலையில் கணிதம்-கணினிப் பிரிவு, பத்தாம் வகுப்போடு உயிரியல் முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உயிரியல் சார்ந்தவை எல்லாமே உங்களுக்குப் புதியவை. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இந்தப் பாடங்களில் வாங்கும் கிரேடைத்தான் சேர்க்கைக் குழு முதலில் பார்க்கும். பதினைந்து ஆண்டுக்கு முந்தைய டோபாலஜி மதிப்பெண்ணைவிட, போன செமஸ்டர் அனாட்டமியில் வாங்கிய ‘ஏ’ எங்களிடம் அதிகம் பேசும். ஒரு செமஸ்டருக்கு இரண்டு அறிவியல் பாடங்களுக்கு மேல் எடுக்காதீர்கள். எலும்புகளையும் அவற்றின் மேடு பள்ளங்களையும் மனப்பாடம் செய்வது, நிரூபணம் எழுதிப் பழகிய மூளைக்கு முதல் மாதம் எரிச்சலாக இருக்கும். சிறுநீரகம் பற்றிய பாடம் வரும்போது சரியாகிவிடும். அங்கே எல்லாமே காரண காரியம்தான்.

கணிதம் வீணா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு கணக்கு. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்துப் பை ஒன்றில் 250 மி.லி.க்கு 25,000 யூனிட் கலந்திருக்கிறது. நோயாளி 70 கிலோ. மணிக்குக் கிலோவுக்கு 18 யூனிட் ஓட வேண்டும் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். மருந்து ஏற்றும் பம்பில் என்ன எண் அடிப்பீர்கள்? மணிக்கு 12.6 மி.லி. இதை வாசிக்கும்போதே நீங்கள் போட்டு முடித்திருப்பீர்கள். புள்ளியை ஓர் இடம் தள்ளி 126 என்று அடித்தால் நோயாளிக்கு ரத்தக்கசிவு. நர்சிங் கல்லூரிகளில் இந்த மருந்தளவுக் கணக்குத் தேர்வில் 90 விழுக்காடோ அதற்கு மேலோ வாங்கினால்தான் வார்டுக்குள் விடுவார்கள். அதற்காக அழுத மாணவர்களுக்கு என் அறையில் டிஷ்யூ பெட்டி வைத்திருக்கிறேன். ஆசிரியப் பணி அதைவிடப் பெரிய சொத்து. இன்சுலின் எப்படிப் போட்டுக்கொள்வது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, ‘புரிந்ததா?’ என்று கேட்டால் எல்லா நோயாளியும் தலையாட்டுவார். ‘இப்போது நீங்கள் எனக்குச் சொல்லிக்காட்டுங்கள்’ என்று கேட்பதுதான் முறை. அதைப் புதிய நர்ஸுகளுக்குப் பழக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வகுப்பறையில் நின்றவருக்கு அது கைவந்த பழக்கம்.

இனி காகித வேலை. பெரும்பாலான விண்ணப்பங்கள் நர்சிங்காஸ் என்ற பொதுத் தளம் வழியாகப் போகும். இந்தியச் சான்றிதழ்களை வெஸ் போன்ற நிறுவனத்திடம் பாடவாரியாக மதிப்பீடு செய்து வாங்க வேண்டும். மூன்று ஆண்டு பி.எஸ்சி. மட்டும் என்றால் சில இடங்களில் முழு இளங்கலையாக ஏற்பதில் தகராறு வரும். உங்களிடம் எம்.எஸ்சி.யும் இருப்பதால் அது பொதுவாக அடிபட்டுப்போகும். உண்மையான தலைவலி வேறு. மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். ஊரில் யாராவது ஒருவர் நேரில் போய் நின்றால்தான் நகரும். அப்புறம் பெயர். சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து ஒரு பெயர், இங்கே வந்த பிறகு கணவர் பெயர் சேர்ந்து இன்னொன்று. என்கிளெக்ஸ் தேர்வு மையத்தில் அடையாள அட்டைப் பெயரும் பதிவுப் பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால் உள்ளே விட மாட்டார்கள். முதல் விண்ணப்பத்திலிருந்தே பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒரே பெயரைப் போடுங்கள். ஆங்கிலவழியில் படித்திருந்தாலும் டோஃபல் கேட்கும் இடங்கள் உண்டு. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், சி.ஜி.எஃப்.என்.எஸ். என்று யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அது வெளிநாட்டில் நர்சிங் படித்து வருபவர்களுக்கு.

‘முன்பாடம் வேண்டாம், காத்திருக்க வேண்டாம்’ என்று விளம்பரம் செய்யும் பள்ளி ஒன்றைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மூன்றைப் பாருங்கள்: மாநில நர்சிங் வாரியத்தின் ஒப்புதல், சி.சி.என்.ஈ. அல்லது ஏ.சி.இ.என். அங்கீகாரம், முதல் முறை எழுதித் தேறியவர்களின் என்கிளெக்ஸ் விழுக்காடு. மூன்றும் பொதுவில் கிடைக்கும். இதில் ஒன்று இல்லையென்றாலும் பேச்சை முடித்துவிடுங்கள். 2023 ஜனவரியில் ‘ஆபரேஷன் நைட்டிங்கேல்’ என்ற பெயரில் வெளியான வழக்கில், ஃபுளோரிடாவில் சில நர்சிங் பள்ளிகள் 7,600-க்கும் மேற்பட்ட போலிப் பட்டங்களை விற்றது அம்பலமானது. காசையும் கொடுத்து லைசென்ஸையும் இழந்தவர்கள் அதில் இருக்கிறார்கள்.

கட்டுரைக்கு வருகிறேன். “பிறருக்குச் சேவை செய்வது சிறுவயது முதலே என் ரத்தத்தில் ஊறியது” என்று தொடங்கியிருக்கிறீர்கள். அடித்துவிடுங்கள். அந்த வாக்கியத்தை ஒரே மாலையில் நாற்பது பேரிடம் படிக்கும் ஆள் நான். உங்கள் கடிதத்தின் நடுவில், கட்டுரையில் இல்லாத ஒன்று இருக்கிறது. மாமியாரிடம் அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் வாங்கும்போது, நீங்கள் பக்கத்திலேயே நின்று ‘நான் மொழிபெயர்க்கிறேன்’ என்று சொல்லியும் அந்த நர்ஸ் மறுத்துவிட்டு, போனில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டார். உங்களுக்கு அப்போது கோபம். பிறகு மாமியார் அந்தப் போன் குரலிடம், ரத்தம் கட்டாமலிருக்க உள்ளூரில் ஒரு மாத்திரை சாப்பிட்டு வந்ததைச் சொன்னார். வீட்டில் ஒருவரிடமும் சொல்லாத விஷயம். அங்கிருந்து தொடங்குங்கள். அந்த நர்ஸ் ஏன் மறுத்தார், அதில் என்ன பார்த்தீர்கள் என்று எழுதினால், நர்ஸின் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது என்று படிப்பவருக்குப் புரியும். ‘ஏன் டாக்டர் ஆகவில்லை?’ என்ற கேள்விக்கும் அங்கேயே பதில் கிடைத்துவிடும். மாமியாரின் பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள்.

பரிந்துரைக் கடிதம் ஒன்றாவது, வேலையில் உங்களைப் பார்த்தவரிடமிருந்து வர வேண்டும். அதற்காகவும், அதைவிட முக்கியமாக உங்களுக்காகவும், சி.என்.ஏ. (நர்ஸுக்கு உதவியாக நோயாளிகளைப் பராமரிப்பவர்) பயிற்சி எடுத்துச் சில மாதம் வேலை பாருங்கள். மத்திய சட்டப்படி பயிற்சி குறைந்தது 75 மணி நேரம். மாநிலங்கள் கூடுதலாகக் கேட்கலாம். முதியோர் இல்லத்தில் காலையில் எட்டுப் பேரைக் குளிப்பாட்டி, மலம் துடைத்து, பல்செட் கழுவி மாட்டி, நாற்காலியில் உட்கார வைத்துப் பாருங்கள். அன்று வீட்டுக்கு வந்து கைகழுவிச் சாப்பிட உட்காரும்போது மறுநாளும் போகத் தோன்றினால், விண்ணப்பத்தைத் தட்டுங்கள். தோன்றவில்லை என்றால் சில நூறு டாலரோடு தப்பித்தீர்கள்.

வீட்டில் சொல்வதற்கு என்னிடம் நயமான பதில் இல்லை. மகன் ஐ.டி.யில் இரவு முழுக்க வேலை பார்த்தால் பெருமை, மருமகள் இரவு ஷிஃப்ட் போனால் கௌரவக் குறைவு என்பது நம் வீடுகளில் ஊறிப்போன கணக்கு. வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். உங்கள் மாமியாரைக் கேட்டால், இந்த விஷயத்தில் வீட்டில் மற்ற எவரையும்விட அவருக்கு விவரம் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். வயது பற்றி ஒரே வரி: 37 ஒரு பிரச்சினையே அல்ல. துரித பி.எஸ்.என். வகுப்பில் உங்களைவிட மூத்தவர்கள் இருப்பார்கள்.

வேலை அனுமதி அட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கையில் லைசென்ஸ் இருந்து அட்டை காலாவதியானால் ஒரு மணி நேரம்கூட வேலை செய்ய முடியாது. 2025 அக்டோபர் 30 முதல் புதுப்பிக்க விண்ணப்பிப்பவர்களுக்கு, முன்பிருந்த தானியங்கி நீட்டிப்பு இல்லை. முடிவதற்கு 180 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம், அந்த முதல் நாளிலேயே செய்யுங்கள். (எஃப்-1 மாணவர் விசாவில் வரத் திட்டமிடும் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: நர்சிங் படிப்புக்கு ஓ.பி.டி. என்ற, படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி ஓராண்டு மட்டும், அறிவியல்-தொழில்நுட்பப் படிப்புகளுக்கான ஸ்டெம் நீட்டிப்பு இல்லை. சாதாரண ஆர்.என். பணிக்கு எச்-1பி வேலை விசா கிடைப்பது கடினம். அவர்கள் கணக்கு வேறு.)

தடுப்பூசிப் பதிவுகளை இப்போதே தேட ஆரம்பியுங்கள். வார்டுக்குள் விடுவதற்கு முன் தட்டம்மை, சின்னம்மை, ஹெபடைடிஸ் பி எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்பார்கள். ஹெபடைடிஸ் பி ஊசி புதிதாகத் தொடங்கினால் வழக்கமான மூன்று தவணைக்கு ஆறு மாதம் ஓடிவிடும். நம்மூரில் குழந்தையிலேயே பி.சி.ஜி. போட்டிருப்பார்கள். அதனால் தோலில் குத்திப் பார்க்கும் டி.பி. சோதனை தடித்துக் காட்டி, எக்ஸ்ரே, விளக்கக் கடிதம் என்று இழுத்தடிக்கும். குவான்டிஃபெரான் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள்.

கிளினிக்கல் எனும் வார்டுப் பயிற்சி நாட்களில் காலை ஆறே முக்காலுக்கு வார்டில் நிற்க வேண்டியிருக்கும். அன்று மகளைப் பள்ளிக்கு யார் கிளப்புவது என்று கணவரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள், சேர்ந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். அடுத்த செமஸ்டர் பதிவு திறந்ததும் உங்கள் ஊர்க் கம்யூனிட்டி காலேஜான மிடில்செக்ஸ் காலேஜில் அனாட்டமி ஒன்றையும் புள்ளியியலையும் போடுங்கள். மாலை லேப் பிரிவுகள்தான் முதலில் நிரம்பும்.